யார் யாருக்குத் தெரியலாம்

ஆய்வுக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவதில் நான் கெட்டிக்காரி என்று எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு பேச்சு உண்டு. பக்கத்து அறைக்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். கடைசி வாரத்தில் யார் வணக்கம் சொன்னாலும் கடித்துவைப்பேன். அச்சு இயந்திரத்தை இரண்டு தடவை அடித்திருக்கிறேன். ஒரு தடவை அது வேலை செய்தது.

அந்த முறை நான் கேட்டது ஒரு வெளிநாட்டு அறக்கட்டளையிடம். விண்ணப்பத்தின் கடைசி இரண்டு பக்கங்களுக்குத் தலைப்பு, தரவு மேலாண்மையும் பகிர்வும். சாம்பாரில் கிடக்கிற கறிவேப்பிலை மாதிரி என்றுதான் அதை அதுவரை நினைத்திருந்தேன். யாரும் தின்னமாட்டார்கள், போடாவிட்டால் மட்டும் குறை சொல்வார்கள். அதனால் எப்போதும் அதைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது என் வழக்கம்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாம் ஊரில் போய் நாலு பேரிடம் கேள்வி கேட்கிறோம். அவர்கள் சொன்ன பதில்களை எங்கே வைப்பாய்? சாவி யாரிடம் இருக்கும்? யார் யாருக்குத் தெரியலாம்? எப்போது உலகத்துக்குத் திறந்துவிடுவாய்? சொன்னவர் இன்னார் என்று எவரும் கண்டுபிடிக்காமலிருக்க என்ன வழி செய்வாய்? இவ்வளவுதான் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பெட்டி. சொன்னது ரகசியமாகவும் இருக்கவேண்டும், எல்லோருக்கும் திறந்தும் இருக்கவேண்டும் என்று ஒரே பக்கத்தில் கேட்பார்கள். திறந்து வைத்தால் கூடுதல் மதிப்பெண்.

என் ஆய்வு என்னவென்றால், தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்கள் தங்கள் நோய்களை யாரிடம் மறைக்கிறார்கள், எப்படி மறைக்கிறார்கள், எதற்காக மறைக்கிறார்கள் என்பது. தோட்டத்து டிஸ்பென்சரிப் பதிவுகளை நம்பி எழுதப்பட்ட கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நான் பசறைக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்து வளர்ந்தவள். என் அம்மா கொழுந்து எடுத்தவள். டிஸ்பென்சரியில் சொல்கிற வியாதி ஒன்று, வீட்டில் இருக்கிற வியாதி வேறொன்று என்பது எனக்குப் பால்குடி மறந்த நாளிலிருந்து தெரியும்.

இப்போது நான் பதுளை நகரத்துக்காரி. கணவருக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. அம்மா எங்களோடு இருக்கிறாள். நான் கணினி முன்னால் உட்கார்ந்து இந்தப் பெட்டிகளைத் திட்டிக்கொண்டிருந்தபோது கணவர் எட்டிப் பார்த்தார்.

"இதுக்குப் போயா இம்புட்டுக் கத்துற? எங்க கடையில மூணு தலைமுறையா இதைத்தானே செய்றோம். எந்த மாப்பிள்ள வீட்டுக்காரங்க கூறைச் சேலைய எத்தன தடவ மாத்துனாங்கன்னு வெளிய ஒரு வார்த்த போகாது."

"எங்க எழுதி வச்சிருக்கீங்க?"

"தலையிலதான்."

"தலை போயிட்டா?"

"அப்ப ரகசியம் இன்னும் பத்திரம்" என்றார்.

எழுதியதை வாசித்துப் பார்க்கச் சொன்னேன். திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சேலை நல்லாயிருக்கு" என்றார். உள்ளே தொலைக்காட்சி முன்னால் இருந்த அம்மா உரக்கச் சிரித்தாள்.

இது எங்கள் வீட்டுப் பகடி. நான் வெளிநாட்டில் முனைவர் பட்டம் வாங்கிய அன்று எடுத்த படத்தைத் தோட்டத்துக்கு அனுப்பியிருந்தேன். அம்மா போனில், "சேலை நல்லாயிருக்கு பாப்பா" என்றாள். படத்தில் நான் போட்டிருந்தது கழுத்திலிருந்து கால்வரை கறுப்பு அங்கி. தலையில் சட்டி மாதிரி ஒரு தொப்பி. கல்யாணத்துக்குப் பிறகு இந்தக் கதையைக் கணவரிடம் சொன்னேனோ இல்லையோ, பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் யார் எதைப் பார்க்காமல் புகழ்ந்தாலும் அது "சேலை நல்லாயிருக்கு"தான். ரசத்தில் உப்பில்லை என்று தெரிந்தே ஒருவர் பாராட்டினாலும் அதுதான். அம்மாதான் எப்போதும் முதலில் சிரிப்பாள்.

சரி, ஆய்வுக்கு வருகிறேன். விண்ணப்பத்துக்கு முன்னோட்டமாக எங்கள் தோட்டத்திலேயே ஒரு டிவிஷன் பெண்களிடம் பேசி முடித்திருந்தேன். முதலில் பேசியது என் வகுப்புத் தோழியிடம். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவாள். நான் படிக்கப் போனேன், அவள் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாள். அதில் நியாயம் ஒன்றும் இல்லை, அவள் அப்பா சீக்கிரம் செத்தார், அவ்வளவுதான்.

அவளுடைய வலது கண்ணில் புரை விழுந்து, பாதிக்கு மேல் மங்கிவிட்டது. இதை அவள் என்னிடம் சொன்னபோது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தோட்டத்து ஆபீசுக்குத் தெரிந்தால் சரிவான மலைகளில் ஏற்றமாட்டார்கள். மலை ஏறாதவளுக்குக் கொழுந்து வேலை இல்லை. வேலை நின்றால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவையும் ஒருநாள் கேட்பார்கள். மகள் பசறையில் உயர்தரம் படிக்கிறாள், பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அந்த ஒரு வருடத்தை ஓட்டிவிட்டால் போதும் என்பது அவளுடைய திட்டம்.

"நான் எழுதமாட்டேன்" என்றேன்.

"எழுதிக்க. நீ கேக்குறதே இதத்தானே? பேரு மட்டும் வேணாம்."

சத்தியம் செய்து கொடுத்தேன். பெயர் வராது என்று அவள் கையில் அடித்துச் சொன்னேன். நான் அந்தச் சத்தியத்தை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றினேன். கூத்து அங்கேதான் தொடங்கியது.

தோட்டத்தில் பெயர்கள் ஒரு குழப்பம். அடையாள அட்டையில் ஒரு பெயர் இருக்கும். வீட்டில் கூப்பிடுவது இன்னொன்று. மலையில் பட்டப்பெயர் தனி. அடையாள அட்டைப் பெயரைச் சொல்லி ஆளைத் தேடினால் அந்தியாகிவிடும். ஆனால் செக்ரோல் நம்பர் அப்படியல்ல. வேலைக்காரர் பதிவேட்டில் ஒருவருக்கு விழுந்த அந்த நம்பர், வேலையை விட்டு நிற்கும்வரை மாறாது. காலையில் பெரட்டில் வேலை பிரிக்கும்போதும் மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போதும் அதைத்தான் சொல்வார்கள். ஆகவே எனக்கு அது இயல்பாகவே வந்தது. பெயர் எழுதவேண்டிய கட்டத்தில் எல்லோருக்கும் செக்ரோல் நம்பரைப் போட்டேன். தோழி இருநூற்றுப் பதினேழு. ஒரு குழப்பமும் இல்லை, ஒரு பிழையும் இல்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பெட்டியில் எழுதினேன்: "பங்கேற்பாளர்களின் பெயர்கள் எந்தக் கட்டத்திலும் பதிவு செய்யப்படவில்லை. ஒவ்வொருவரும் ஓர் எண்ணால் மட்டுமே குறிக்கப்படுகிறார்." வெளிநாட்டிலிருந்து என்னோடு சேர்ந்து விண்ணப்பிக்கிற பேராசிரியை, மிகச் சிறந்த ஏற்பாடு என்று பதில் போட்டார். கூடவே ஒரு யோசனை: முன்னோட்டத் தரவை இப்போதே ஒரு பொது இணையக் களஞ்சியத்தில் ஏற்றி, அதன் இணைப்பை விண்ணப்பத்தில் கொடுத்தால் மதிப்பீட்டாளர்கள் சந்தோஷப்படுவார்கள். பெயர்தான் இல்லையே. அன்று மதியமே ஏற்றினேன். உலகத்தில் எங்கிருந்தும் யாரும் பணம் இல்லாமல், அனுமதி இல்லாமல் இறக்கிக்கொள்ளலாம். நான் இவ்வளவு தாராளமாக இருந்தது அதற்கு முன் எப்போதும் இல்லை.

வியாழக்கிழமை பேராசிரியையிடமிருந்து இன்னொரு கடிதம். பகிர்வதற்குச் சம்மதம் என்று அந்தப் பெண்களிடம் ஒரு கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்தால் நல்லது என்றார். ஏற்றுவதற்கு முன் வாங்கவேண்டிய கையெழுத்து. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், இருவரும் தெரியாத மாதிரி எழுதிக்கொண்டோம். செவ்வாய்க்கிழமை விண்ணப்பம் போகவேண்டும். ஞாயிறு காலை பசறை பஸ்ஸில் ஏறினேன். பையில் சம்மதத் தாள்களும், அந்தப் பட்டியலின் ஒரு பிரதியும். பாருங்கள், உங்கள் பெயர் எங்குமே இல்லை என்று காட்டத்தான் பிரதி. பதுளையிலிருந்து பசறைக்குப் போகிற பாதையில் வயிறு கலங்காமல் வந்தவர்கள் குறைவு. நான் அன்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனேன். பசறையில் இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

தோழி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மகள் டியூசனுக்குப் போயிருந்தாள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நான் பட்டியலை நீட்டினேன்.

"பேரு எங்கயாச்சும் இருக்கா பாரு."

தாளை இடது கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "பேரு இல்லதான்" என்றாள். விரல் மேலிருந்து கீழே இறங்கியது. "நூத்திப் பன்னெண்டு. கோயில் லயத்துக்காரி. முதுகு. ஆமா, அவ குனிஞ்சா நிமிர ஆள் வேணும். நூத்தி இருவத்தெட்டு, நம்ம பெரிய தண்ணித் தொட்டிக்கிட்ட இருக்கிற அக்கா. மூட்டு வலி. நூத்தி நாப்பது..." விரல் நின்றது. "இவளுக்கு வலிப்பு வருதா?"

தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். அவள் விடவில்லை.

"என்கிட்டகூடச் சொல்லலையே பாவி" என்றாள் மெதுவாக. பிறகு கடைசிவரை இறங்கினாள். "எரநூத்திப் பதினேழு. வலது கண்ணு. கங்காணிக்கும் ஆபீசுக்கும் தெரியாது. கையால தடவி எடுக்குறா." தாளை மடியில் வைத்தாள். "நல்லா எழுதியிருக்க. நாந்தான்னு எனக்கே தெரியுது."

"பேரு போடல..."

"பேரப் போட்டிருந்தாத்தான் புள்ள யாரு யாருன்னு கேப்பாங்க. நம்பரச் சொன்னா நாய்கூட வீட்டைக் காட்டும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மறைக்கக்கூட இல்லை, பூசணிக்காய்க்கு நம்பர் ஒட்டி இலை நடுவில் வைத்திருந்தேன். ஆபீசில் உள்ள பதிவேட்டைத் திறந்தால் முதல் கட்டமே அந்த நம்பர்தான். வெளியூர்க்காரி எவளாவது வந்து ஆய்வு செய்திருந்தால் தானாக ஏதோ ஓர் எண்ணைப் போட்டிருப்பாள், ஒருவருக்கும் ஒன்றும் நேர்ந்திருக்காது. தோட்டத்தில் பிறந்தவளுக்குத்தான் இப்படித் தோன்றும். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"இது இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"கம்பியூட்டர்ல."

"ஒன் கம்பியூட்டர்லயா?"

"எல்லாரு கம்பியூட்டர்லயும்" என்றேன்.

அவள் எழுந்து, காய்ந்துகொண்டிருந்த துணியைத் தேவையில்லாமல் திருப்பிப்போட்டாள். "எம்மவ பரீட்சை முடியிற வரைக்குந்தான் கேட்டேன்" என்றாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

லயத்துக்குள் போன் எடுக்காது. கோயில் வளைவுக்கு ஓடவேண்டும். நாற்பத்தைந்து வயதில் சேலையைத் தூக்கிக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஓடினேன். பின்னால் அவளும் வந்தாள். வளைவில் நின்று கடைக்குப் போன் போட்டேன். ஞாயிறு என்பதால் கடையில் நல்ல கூட்டம். யாரோ சட்டைத் துணி கிழிக்கிற சத்தம் கேட்டது.

"என் களஞ்சியக் கணக்கத் தொறந்து அந்தப் பட்டியல அழிங்க. இப்பவே. கேள்வி கேக்காதீங்க. பாஸ்வேர்டு சொல்றேன்."

"எதுக்குச் சொல்ற? அத்தையோட செக்ரோல் நம்பரும் கடைப் பேரும்தானே."

கடவுச்சொல் முதன்மை ஆய்வாளருக்கு மட்டுமே தெரியும் என்று மூன்றாவது பெட்டியில் எழுதியிருந்தேன்.

அவர் திறந்தார். கணக்கைத் திறக்க எடுத்த நேரத்தில் நான் கோயில் சுவரில் இருந்த எல்லாச் சாமிகளையும் கும்பிட்டுவிட்டேன். "எடுத்தாச்சு" என்றார். பிறகு, "இதுவரைக்கும் மூணு பேர் இறக்கியிருக்காங்கன்னு காட்டுதே" என்றார்.

"ஒண்ணு நான், சரியா ஏறியிருக்கான்னு பாத்தேன். ஒண்ணு அந்தப் பேராசிரியை. மூணாவது யாரு?"

மறுபக்கம் துணி கிழிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஆபீசில் யாரோ பார்த்துவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டேன்.

"நாந்தான்" என்றார் கணவர். "நீ எழுதுறத ஒரு தடவையாச்சும் வாசிப்போமேன்னு. பாதிதான் வாசிச்சேன்."

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் வாசிக்காமல் இருந்ததற்கெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன். வாசித்ததற்குத் திட்டியது அன்றுதான். திட்டி முடித்ததும் அந்த வளைவிலேயே மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். தோழி எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கத் தெரியாதவள், வகுப்பிலும் அப்படித்தான்.

"மன்னிச்சிரு" என்றேன். "ஒரு மலைக்கே சொல்லப் பாத்தேன்."

"மலைக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன?"

"எங்கூட நெரை பிடிக்கிறவளுக எல்லாருக்கும் தெரியும் புள்ள. பள்ளத்துப் பக்கம் என்னைய விடமாட்டாளுக. உள் நெரைதான் எப்பவும். மடுவத்துக்குப் போறதுக்கு முன்னாடி எங்கூடைய ஒருத்தி கிளறி முத்தல் இலையெல்லாம் பொறுக்கிப் போட்டுருவா. கங்காணி பொண்டாட்டிக்குத் தெரியும். கங்காணிக்குத் தெரியாது. எம்மவளுக்குத் தெரியாது, அவ பரீட்சை முடிஞ்சாத்தான் சொல்லணும்னு எல்லாருக்கும் சொல்லிவச்சிருக்கு. ஆபீசுக்கு எப்பவுமே கெடையாது."

நான் இரண்டு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டு நிரப்பாமல் விட்டிருந்த பெட்டி ஒன்று உண்டு. யார் யாருக்குத் தெரியலாம், எதுவரை, எப்போதிலிருந்து என்று கேட்கிற பெட்டி. அதை அவள் மதகில் சாய்ந்துகொண்டு ஒரு மூச்சில் நிரப்பிவிட்டாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

"இத்தன பேருக்குத் தெரிஞ்சா ஒருநாள் யாராச்சும் வாய்தவறிச் சொல்லிற மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"எங்க மலையில எவளும் சொல்லமாட்டா" என்றாள் அவள், ரோஷத்தோடு. "ஒங்கம்மாவுக்கு ரெண்டு கண்ணும் போயி நாலு வருசம் வேலை செஞ்சிச்சு, ஒனக்கு எவளாச்சும் சொன்னாளா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தவளை தன் வாயால் கெட்டது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். நான் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. மலையில் தோழியும் இன்னொருத்தியும் ஆளுக்கொரு பக்கம் நின்று கூட்டிப்போவார்கள். எனக்குத் தெரிந்தால் படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்துவிடுவேன் என்று அம்மா ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் வாக்கு வாங்கியிருந்தாள். நான் வேலை கிடைத்துப் பதுளைக்கு அழைத்துவந்த முதல் மாதத்தில், "கண்ணு இப்பத்தான் கொஞ்சம் மங்குற மாதிரி இருக்கு" என்று என்னிடம் சொன்னாள். நாங்கள் ஆபரேஷன் செய்தோம். இப்போது ஊசியில் நூல் கோப்பாள். சீக்கிரமே கவனித்துவிட்டோம் என்று நான் பல பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆய்வில் பெண்கள் நோயை யாரிடம் மறைக்கிறார்கள் என்ற கட்டத்தில் நான் போட்டிருந்த வகைகள்: கங்காணி, ஆபீஸ், டிஸ்பென்சரி, கணவன். படித்த மகள் என்று ஒரு வகை இருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

விண்ணப்பம் என்னவாயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். திரும்புவதற்கு முன் நூற்று நாற்பதாம் நம்பர் பெண்ணின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்துத் திட்டினாள், நியாயமான திட்டு. தன்னைப் பற்றிய வரியை எடுத்துவிடச் சொன்னாள். அந்த வரி இப்போது என் பட்டியலில் இல்லை. பேராசிரியைக்கு எல்லாவற்றையும் எழுதினேன், அவரும் மன்னிப்புக் கேட்டு எழுதினார். செக்ரோல் நம்பரைத் தூக்கிவிட்டு ஒன்றோடொன்று ஒட்டாத எண்களைப் போட்டேன். இந்தத் தரவு பொதுவில் திறக்கப்படாது, கேட்கிறவர் எழுதிக் கேட்கவேண்டும், சொன்ன பெண்கள் சம்மதித்தால்தான் கிடைக்கும், எதை எப்போது விடுவது என்பதை அவர்களே சொல்வார்கள் என்று எழுதினேன். கடவுச்சொல்லையும் மாற்றினேன். பகிர்வுப் பகுதிக்கு மதிப்பெண் குறைந்தது. நிதி கிடைத்தது.

தோழியின் மகள் பரீட்சை எழுதி முடித்த மறுவாரம் அவளுக்குப் பதுளையில் ஆபரேஷன் நடந்தது. எங்கள் வீட்டில்தான் தங்கினாள். மலையில் எல்லோரும் அவள் பண்டாரவளையில் ஒரு சொந்தக்காரி பிரசவத்துக்குப் போயிருப்பதாக ஒரே குரலில் சொன்னார்கள். கட்டுப் பிரித்த அன்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டு கண்ணாலயும் பாத்தாத்தான் தெரியுது, நீ கெழவியாயிட்ட புள்ள." இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டபோது, தோட்டத்துப் பெயரைப் போடாதே, நம்பரையும் மாற்றிப் போடு என்றாள். மாற்றித்தான் போட்டிருக்கிறேன். அம்மா ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, சரி என்றாள். என் கணவர் புத்தகம் படிக்கிறவரல்ல என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு திரும்பி வந்த பஸ்ஸைப் பற்றித்தான் சொல்லாமல் விட்டேன். பசறையைத் தாண்டிய இரண்டாவது வளைவில் எனக்கு அந்தப் படம் நினைவுக்கு வந்தது. கறுப்பு அங்கி, தலையில் சட்டி. "சேலை நல்லாயிருக்கு பாப்பா." தோழியின் போனில் வந்த படத்தை அம்மா கையில் வாங்கி, ஒன்றும் தெரியாமல், விசேஷ நாளில் மகள் சேலைதான் உடுத்தியிருப்பாள் என்று நினைத்துச் சொல்லியிருக்கிறாள். அதை வைத்துப் பத்து வருடத்துக்கு மேலாக அவள் முன்னாலேயே சிரித்திருக்கிறோம். எங்களுக்கு முன்னால் அவள் சிரித்திருக்கிறாள். முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத அம்மாள் ஒருவர் எனக்கு வாந்தி என்று நினைத்து ஒரு பிளாஸ்டிக் பையும் பாதி எலுமிச்சம்பழமும் கொடுத்தார்.

வீட்டில் அம்மா போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நாலு வருசமாம்மா?"

கத்தி நின்றது. எதைக் கேட்கிறாய் என்று அவள் கேட்கவில்லை. "யாரு சொன்னா?" என்றாள்.

சொன்னேன்.

"நான் போய்ச் சேந்த பெறகு சொல்லுங்கடின்னுதான் சொல்லி வச்சிருந்தேன். அதுக்குள்ள என்ன அவசரம் அவளுக்கு?" என்று மறுபடியும் நறுக்கத் தொடங்கினாள். நான் அவள் தோளில் சாய்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, "மாப்பிள்ளைக்குச் சொல்லாத பாப்பா" என்றாள்.

"ஏன்?"

"பாவம் பாக்க ஆரம்பிச்சிருவாரு. அப்புறம் என்னையக் கேலி பண்ணமாட்டாரு."

கடை சாத்திவிட்டுக் கணவர் வந்தார். காலையில் வாங்கிய திட்டு இன்னும் முகத்தில் இருந்தது. சமாதானம் பேச வந்தவர் மாதிரி சமையலறை வாசலில் நின்று, அம்மா நறுக்கி வைத்திருந்த போஞ்சியைக் கண்ணால்கூடப் பார்க்காமல், "அத்தை, சேலை நல்லாயிருக்கு" என்றார்.

அம்மா எப்போதும்போல முதல் ஆளாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நானும் சிரித்தேன்.